இரண்டு காலும் ஊன்றுகிற வண்டி

திருப்பதியில் கோவிந்தராஜர் சந்நிதியைச் சுற்றியுள்ள தெருக்களில் கண்ணபிரான் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். வாமனன் ஸ்வாமி வீடு என்று கேட்டால் கையைப் பிடித்து வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். நாற்பத்தாறு வயது. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. பதினான்கு வயதில் வளர்வதை நிறுத்திக்கொண்ட உடம்பு, மிச்சம் பிடித்ததையெல்லாம் குரலில் போட்டுவிட்ட மாதிரி ஒரு சாரீரம். கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இரண்டு நெட்டையான பெரியப்பா பிள்ளைகளுக்கு நடுவில் நிற்பார். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் ஓர் ஆள் வராமல் போய்விட்டது போலத் தோன்றும். ஆனால் சத்தம் அங்கிருந்துதான் வரும்.

வாமனன் என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வராது. பெருமாள் பெயர்தானே, அதுவும் உலகத்தை அளந்தவர் பெயர் என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார். மோட்டார் சைக்கிள் பேச்சு எடுத்தால் மட்டும் முகம் சுருங்கும்.

அதற்குக் காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில் பெரியப்பா பிள்ளையின் வண்டியை வாங்கி மைதானத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பழகி, மூன்றாம் நாள் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனார். போகிறவரை ஒரு குறையும் இல்லை. நாற்சந்தியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். கண்ணபிரான் பிரேக்கைப் பிடித்து இடது காலை இறக்கினார். கால் போய்க்கொண்டே இருந்தது. தரை வரவில்லை. நூறு பேர் பார்க்க, வண்டியும் அவரும் அவசரமே இல்லாமல் சாய்ந்து ஒரு மல்லிகைக் கூடைக்குள் இறங்கினார்கள். ‘வாமனன் மூணாவது அடியை எங்க வெச்சார்? பூக்கூடையில வெச்சார்’ என்று தெருவே ஆறு மாதம் பேசிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விட்டதுதான். பைக்கெல்லாம் தனக்குப் பிடிக்காது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, மனைவி கோதாவின் கியர் இல்லாத ஸ்கூட்டரிலேயே இத்தனை வருஷம் போய்வந்தார்.

பிடிக்காது என்று சொன்னது வாய். கண் அப்படிச் சொல்லவில்லை. எந்த வண்டி நின்றாலும் அதன் சீட் எவ்வளவு உயரம் என்று அவர் கண் தானாக அளந்துவிடும். மற்றவர்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர் தெரிகிற மாதிரி அவருக்குச் சீட் உயரம் தெரியும். அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன ஐப்பசியில் சித்தூரில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. சேவித்துவிட்டு மத்தியானம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார். புத்தலப்பட்டில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். டீக்கடைக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில் அது நின்றிருந்தது.

கறுப்பு க்ரூஸர் மோட்டார் சைக்கிள். கம்பெனி அதைச் செய்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. முன்சக்கரம் காலை நீட்டிப் படுத்த மாதிரி முன்னால் போயிருந்தது. ஹேண்டில் மாட்டுக்கொம்பு போல அகன்று வளைந்திருந்தது. சீட் தாழ்ந்து, பள்ளிக்கூடத்து பெஞ்சு உயரத்தில் இருந்தது. விற்பனைக்கு என்று தெலுங்கில் எழுதிய அட்டை கண்ணாடியில் தொங்கியது. கண்ணபிரான் இரண்டு பக்கமும் பார்த்தார். யாருமில்லை. பஞ்சகச்சத்தை லேசாகத் தூக்கிக்கொண்டு, காலைப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டு பாதமும் தரையில் இருந்தன. விரல் நுனி மட்டுமில்லை, குதிகாலும். முழங்கால் மடங்கக்கூட மடங்கியிருந்தது. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன தரை அங்கே வந்து காத்திருந்தது.

கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதிவிட்டு, “ஸ்வாமி, இந்த பஸ்ஸா, அந்த வண்டியா?” என்று கேட்டபோதுதான் அவருக்குச் சுயநினைவு வந்தது. ஆனால் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.

கையில் டீ கிளாஸுடன் ஒருவர் வந்தார். ஆறடிக்கு மேல் இருப்பார். கண்ணபிரான் முதலில் சட்டைப் பொத்தானைப் பார்த்து, பிறகு கழுத்தை நிமிர்த்தி முகத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெயர் முனிசாமி. நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். இங்கே ஒரு மாங்கூழ்ப் பேக்டரியில் இருபது வருஷமாக பாய்லர் பார்க்கிறார். வண்டிக்குப் பதினெட்டு வயது, தான் ஒருவரே ஓனர், பதினைந்து வருஷம் முடிந்ததும் ஆர்.சி. புத்தகத்தையும் புதுப்பித்தாயிற்று என்று சொன்னார். விற்பானேன் என்று கண்ணபிரான் கேட்டார். பெண் வேலைக்குப் போய்க் கார் வாங்கிக் கொடுத்துவிட்டாளாம்.

“கார்லயே போறேன், வரேன். இது நின்னுகினே கீது சாமி. நிக்கற வண்டியப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க.”

சாவியை நீட்டினார். மைதானத்தில் பழகிய இரண்டு நாள் பாடம் கண்ணபிரானுக்கு எப்போதோ மறந்து போயிருந்தது. தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். அந்த உயரத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“இன்னிக்கு ஏகாதசி. விரதத்துல நாங்க வண்டி தொடறதில்லை” என்றார்.

முனிசாமி அதை அப்படியே நம்பினார். திருப்பதி சாமிகளுக்கு ஆயிரம் கட்டுப்பாடு இருக்கும் என்று மரியாதையாகத் தலையை ஆட்டினார். ஓட்டியெல்லாம் பழக்கம் உண்டுதானே என்று கேட்டதற்கு, பத்து வருஷம் ஓட்டின கை என்று இன்னொன்றையும் சொல்லிவிட்டு, கண்ணபிரான் அடுத்த பஸ்ஸில் ஏறினார்.

கோதா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவள். வெளியூர் அழைப்புகளுக்குப் பஸ்ஸை நம்பிப் பிரயோஜனமில்லை, அதனால்தான் வண்டி என்று அவர் ஒரு காரணம் சொன்னார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டாள். வெளியூர் அழைப்பு மாதத்துக்கு எத்தனை, பஸ் எத்தனை மணிக்கு என்று அவளுக்கு மனப்பாடம். கேட்டு முடித்ததும் சொன்னாள்:

“ஏன்னா, பதினெட்டு வயசுன்னா அதுக்கு ஓட்டுப் போடற உரிமையே வந்தாச்சு. உங்க பேச்சைக் கேக்குமா?”

ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பின்சீட்டுக்குச் சாய்மானம் இருக்கிறதா என்றும் போகிற போக்கில் கேட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மெக்கானிக் இஸ்மாயிலின் பின்னால் உட்கார்ந்து கண்ணபிரான் புத்தலப்பட்டுக்குப் போனார். இஸ்மாயில் திருப்பதியில் கோதாவின் ஸ்கூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறவர். பழைய வண்டியைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருந்தால், வாங்குகிறவன் வருவதற்கு முன்னாலேயே எழுப்பி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது ஜில்லென்று இருந்தது. சோக்கைப் போட்டு இரண்டே உதையில் எழுப்பினார். புகைக்குழாய் வாயில் கைக்குட்டையைப் பிடித்து, கறை பார்த்தார். சேஸிஸ் நம்பரைத் துடைத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினார். திரும்பியவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. மறைத்துக்கொண்டார். விலை பேச வேண்டுமே.

முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது, டயர் கல்லாகிவிட்டது, உதிரி பாகம் கேட்டால் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வரிசையாகக் குறை சொன்னார். முனிசாமி எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். விலை படிந்தது. கடைசியாக இஸ்மாயில் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் இருபத்துமூவாயிரம் கிலோமீட்டர்தான் காட்டியது. கண்ணபிரானை ஓரமாக அழைத்துப்போய், இன்ஜின் பாகுந்தி, நன்றாகவே இருக்கிறது, ஆனால் மீட்டரைத் திருப்பியிருக்கலாம், அது ஒன்றுதான் சந்தேகம், அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறினார். திருப்பதியில் அவர் கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள்.

“அப்போ ஸ்வாமி, நீங்க இதுல வாங்க. நா முன்னாடி போறேன்.”

முனிசாமி சாவியைத் துடைத்து நீட்டினார்.

கண்ணபிரானுக்கு எதிரே ஐம்பது கிலோமீட்டர் ரோடு கிடந்தது. வண்டி வேண்டும். இரண்டு நாளாகக் கனவில்கூடக் குதிகால் தரையில்தான் இருந்தது. ஆனால் இப்போது ஏறி உட்கார்ந்தால் டீக்கடை முழுக்கப் பார்க்க இன்ஜின் ஒரு தரம் உறுமி நின்றுபோகும். இந்த ஆறடி மனிதர் மேலேயிருந்து பார்ப்பார். ஏகாதசி என்று மறுபடி சொல்ல முடியாது. தப்பிக்க வழி தேடிய மனசுக்கு மீட்டர் கிடைத்தது. இஸ்மாயில் கிளப்பிய சந்தேகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மீட்டரைத் தொடவில்லை என்று எப்படி நம்புவது என்றார். முனிசாமியின் முகம் மாறியது. அது மாறுவதைப் பார்த்ததும் கண்ணபிரானுக்குத் தைரியம் வந்தது. இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் ஆள் கோபித்துக்கொண்டு சாவியைப் பிடுங்கிவிடுவார், மானத்தோடு பஸ் ஏறலாம்.

“காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணுவேளா?”

சித்தூர்ப் பக்கத்தில் யாரும் இதை விளையாட்டாகக் கேட்பதில்லை. வாய்த்தகராறு முற்றினால் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் வருகிற பெயர் காணிப்பாக்கம். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சொன்ன வார்த்தைக்கு அங்கே அப்பீல் கிடையாது. கேட்கப்பட்டவன் பத்துக்கு ஒன்பது தரம் கோபித்துக்கொண்டு போய்விடுவான்.

முனிசாமி பத்தாவது ஆளாக இருந்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ஏறு பின்னாடி. இப்பவே போலாம்.”

இஸ்மாயில் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் திருகித் திருப்பதிப் பக்கம் போய்விட்டார்.

இப்போதுதான் கண்ணபிரானுக்குத் தான் செய்தது உறைத்தது. அவருடைய வம்சத்தில் பெருமாள் சந்நிதி தவிர வேறு வாசலை மிதித்தவர்கள் கிடையாது. பிள்ளையார் பேரைச் சொல்ல வேண்டி வந்தால்கூடத் தும்பிக்கையாழ்வார் என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். அவசரமாகக் கோதாவுக்குப் போன் போட்டார். பள்ளிக்கூடத்து மணிச் சத்தத்துக்கு நடுவில் அவள் முழுக்கதையும் கேட்டாள்.

“நீங்க சேவிக்கவா போறேள்? சாட்சிக்குத்தானே போறேள். கோர்ட்டுக்குப் போறவா ஜட்ஜை விழுந்து சேவிக்கறாளா என்ன?” என்றாள். பிறகு ஒரு நொடி விட்டு, “அது சரி, வண்டியை யார் ஓட்டிண்டு போறா?” என்று கேட்டாள்.

லைன் கட்டாகிவிட்டது என்று கண்ணபிரான் போனை அணைத்தார்.

பின்சீட்டில் சாய்மானம் இருந்தது. காற்று முனிசாமியின் முதுகுக்கு அப்பால் வீசிக்கொண்டு போயிற்று. கண்ணபிரானுக்கு அது எட்டவில்லை. இரண்டு பக்கமும் கரும்பு, நடுநடுவே மாந்தோப்பு. வண்டி அடித்தொண்டையில் பேசுகிறவர்களைப் போல நிதானமாகச் சத்தம் போட்டது. அந்தச் சத்தம் மட்டும் அவருக்குப் பிடித்துக்கொண்டே வந்தது. அதுதான் கஷ்டமாகவும் இருந்தது.

காணிப்பாக்கத்தில் முனிசாமி சட்டையைக் கழற்றிக் கண்ணபிரானிடம் கொடுத்துவிட்டுக் குளத்தில் இறங்கினார். மூன்று முழுக்கு. தலையிலிருந்து தண்ணீர் வடிய, அந்த உயரமான உடம்பு படியேறி வந்தபோது வழியில் இருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஈரத்தோடு போகிற ஆளை அங்கே எல்லாருக்கும் தெரியும்.

சந்நிதியில் கண்ணபிரான் ஓரமாக நின்றார். கையைக் கூப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் முனிசாமியின் சட்டையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பிள்ளையார் வருஷா வருஷம் வளர்கிறவர் என்பது ஊரறிந்த நம்பிக்கை. முன்னாளில் யாரோ செய்து போட்ட வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குப் பொருந்துவதில்லை என்பார்கள். பதினான்கு வயதோடு நின்றுபோன கண்ணபிரான் வளர்கிறவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சின்னப் பொறாமை வந்து போயிற்று.

முனிசாமி உரக்கச் சொன்னார். மீட்டரைத் தொட்டதில்லை. இன்ஜினைப் பிரித்ததில்லை. பேக்டரியும் வீடும் ஒரே காம்பவுண்டில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே வண்டி ஓடியது, அதுதான் கணக்கு. இதில் பொய் இருந்தால் கேள் சாமி. சொல்லிவிட்டுக் கையைக் கூப்பியவர், மறுபடி கையைப் பிரித்தார். ஹார்ன் மட்டும் வேற வண்டியுது என்று சேர்த்துச் சொன்னார். பிறகு திரும்பினார்.

“நானு சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு சாமி.”

“அடியேன் என்ன சொல்லணும்?”

“பெங்களூர்லேந்து ஒருத்தன் மூணு தபா போன் பண்ணிட்டான். அறுத்து வேற மாதிரி கட்டிப் பார்வைக்கி வெக்கப் போறானாம். ஓட்டறவங்களுக்குத்தான் தருவேன்னு சொல்லிட்டேன். நீ பத்து வருசம் ஓட்டின கை. இத்த நிக்க வுட மாட்டேன், நானே ஓட்டுவேன்னு இவுரு முன்னாடி ஒரு வார்த்த சொல்லு. போதும்.”

நாலாயிரம் பாட்டை ஏடு பார்க்காமல் சேவிக்கிற வாய். இவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. இது தன் தெய்வம் இல்லை, சொன்னால் ஒட்டாது என்று ஒரு நொடி நினைத்தார். அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டார். பக்கத்தில் நின்ற மனிதரின் காலடியில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது. தான் கேட்டதற்காக நனைந்த மனிதர்.

“அடியேனுக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது” என்றார் கண்ணபிரான்.

முனிசாமி குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

“அன்னிக்கு ஏகாதசியும் இல்ல. தசமி.”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி முனிசாமி சிரித்தார். ஈரவேட்டி குலுங்கியது. அர்ச்சகர் முறைத்தார். வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, இன்னொரு தவணையும் சிரித்து முடித்துவிட்டுத்தான் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டார். கண்ணபிரான் மல்லிகைக் கூடையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். கால் போய்க்கொண்டே இருந்ததையும், தரை வராததையும், அப்புறம் புளியமரத்தடியில் வந்ததையும். அதைச் சொன்னபோது முனிசாமி சிரிக்கவில்லை.

பெங்களூர்க்காரன் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருகிறானாம். அதுவரை நாலு நாள் இருக்கிறது. சீசன் முடிந்து பேக்டரி முற்றம் காலியாகக் கிடக்கிறது. வந்து பழகு, ஞாயிற்றுக்கிழமை நீ ஓட்டினால் உனக்கு, இல்லாவிட்டால் அவனுக்கு என்று முனிசாமி முடிவாகச் சொன்னார். சத்தியம் வாங்காமல் தரமாட்டேன் என்றும் சொன்னார்.

புதன்கிழமை காலையில் பழகுநர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, மத்தியானம் கண்ணபிரான் முற்றத்துக்குப் போனார். முதல் நாள் இன்ஜின் முப்பது தரம் செத்தது. இடது கை க்ளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு துள்ளல் துள்ளி நின்றுபோகும். ஆனால் ஒரு தரம்கூட விழவில்லை. ஒவ்வொரு தரமும் கால் இறங்கியதும் தரை இருந்தது. ஹெல்மெட் உச்சிக் குடுமியில் முட்டிக்கொண்டு நின்றதால் குடுமியை அவிழ்த்துப் பிடரியில் முடிந்துகொண்டார். பஞ்சகச்சம் கால்சட்டை மாதிரி நடுவில் பிரிந்திருப்பதால் அதில் சிக்கலே இல்லை. முனிசாமியின் சம்சாரம் மணியம்மா தின்பண்டம் கொண்டுவந்து வைத்துவிட்டு, வண்டியைவிட சாமி அதிகமாகக் குதிக்கிறார் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமையும் அப்படித்தான். சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் முன்னால் வண்டிமேல் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒன்று தோன்றியது. சந்நிதியில் பாட்டை இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து சேவிப்பார்கள். முன்னடிகளை இந்தப் பக்கம் சேவிக்க, பின்னடிகளை அந்தப் பக்கம் எடுக்கும். முதல் கோஷ்டி முழுக்க முடித்த பிறகு எடுத்தால் நடுவில் பள்ளம் விழும். முந்தி எடுத்தால் மோதும். இவர்கள் மூச்சு இறங்குகிற சரிவிலேயே அவர்கள் மூச்சு ஏற வேண்டும். முப்பது வருஷமாகச் செய்கிற வேலை. க்ளட்ச் பிடித்த இடது கை ஒரு கோஷ்டி, ஆக்ஸிலேட்டர் பிடித்த வலது கை ஒரு கோஷ்டி, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டு, இன்ஜினை எழுப்பி, வாய்விட்டே ஒரு பாட்டைத் தொடங்கினார். முன்னடி முடிகிற இடத்தில் இடது கை மெள்ள இறங்கியது. பின்னடி தொடங்குகிற இடத்தில் வலது கை எழுந்தது. வண்டி துள்ளவில்லை. கோயில் தேர் நிலையை விட்டுக் கிளம்புவது மாதிரி நகர்ந்தது.

முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றினார். பேக்டரி சுவரில் குரல் முட்டி எதிரொலித்தது. வாட்ச்மேன் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான். முனிசாமி மட்டும் கவலையோடு ஓடிவந்தார்.

“நல்லாத்தான் கீது சாமி. ஆனா நீ பாட்ட நிறுத்தினா வண்டியும் நின்னு போவுதே. இன்னா பண்றது?”

சனிக்கிழமைக்குள் பாட்டை மனசுக்குள் சேவித்து ஓட்டக் கற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோதாவும் கூட வந்தாள். பெங்களூர்க்காரன் காரில் இன்னொரு சிநேகிதனோடு முன்பே வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தான். முனிசாமி சோதனையைச் சொன்னார். கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டில் அரை மைல் போய், திரும்பி வர வேண்டும். பின்னால் அவரே ஏறிக்கொண்டார்.

போகும்போது மூன்றாவது கியர்வரை போயிற்று. திரும்பும்போது பக்கத்துப் பாதையிலிருந்து ஒரு டிராக்டர், கரும்பை மலையாக ஏற்றிக்கொண்டு, ரோட்டின் குறுக்கே வந்து நின்றுவிட்டது. கண்ணபிரான் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது. வண்டி நின்ற பிறகும் உடம்புக்குள் ஏதோ நிற்காமல் சாய்ந்துகொண்டே இருந்தது. டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு காலையும் இறக்கினார். தார் சூடாக இருந்தது, செருப்பைத் தாண்டிச் சுட்டது. அப்படியே ஊன்றி நின்றார். பின்னால் எண்பது கிலோ முனிசாமி இருந்தும் வண்டி ஒரு நூல் அசையவில்லை.

டிராக்டர் நகர்ந்தது. முதல் தரம் இன்ஜின் செத்தது. இரண்டாம் தரம் கிளம்பியது.

பேக்டரி முற்றத்தில் வந்து நின்றதும் முனிசாமி இறங்கி எதிரே வந்தார். பெங்களூர்க்காரன் பேசிய விலைக்கு மேல் தருவதாகச் சொல்லிப் பார்த்தான். முனிசாமி அவனைக் கையமர்த்திவிட்டு, இப்போது சொல்கிறாயா என்று கண்ணபிரானிடம் கேட்டார்.

கண்ணபிரான் சீட்டை விட்டு இறங்கவில்லை. ஃபோர்க்கில் ஆயில் கசிவதும், டயர் கல்லாக இருப்பதும், உதிரி பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதும் அவருக்கு ஞாபகம் இருந்தன. தெரு என்ன சொல்லும் என்பதும் தெரியும்.

“நிக்க விடமாட்டேன். அடியேனே ஓட்டுவேன். விழுந்தா எழுந்துண்டு ஓட்டுவேன்.”

பிள்ளையார் அங்கே இல்லை. அது போதும் என்று முனிசாமி சொல்லிவிட்டார்.

பழகுநர் லைசென்ஸ்காரர் தனியாக ரோட்டில் போகக் கூடாது, பின்னால் லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டும். அதனால் திருப்பதிவரை முனிசாமியே உட்கார்ந்து வருவது என்று ஆயிற்று. மணியம்மா சிவப்பில் ‘எல்’ எழுதி ஒட்டிக் கொடுத்தாள். கோதாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ் ஒவ்வோர் ஊராக நின்று நின்று போயிற்று. வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. அதனால் பஸ் முந்துவதும், நிற்பதும், வண்டி அதைத் தாண்டுவதுமாக வழி நெடுக நடந்தது. முதல் தரம் தாண்டியபோது கோதா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் தரம் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

பாகாலாவில் ஆடுகள் ரோட்டை அடைத்துக்கொண்டன. பஸ்ஸும் நின்றது, அதன் ஜன்னலோரம் வண்டியும் நின்றது. கண்ணபிரான் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, ஹேண்டிலை விட்டுக் கையைக்கூட எடுத்து, ஆடுகளை வேடிக்கை பார்த்தார். மேலே கோதாவின் பக்கத்து சீட்டு அம்மாள், யார் அது, தெரிந்தவர்களா என்று தெலுங்கில் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

கோதா ஜன்னல் கண்ணாடியை முழுக்கத் திறந்தாள்.

“பின்னால இருக்கற நெட்டையில்லை அம்மா” என்றாள். “முன்னால ஓட்டறாரே, அவர்தான் எங்காத்துக்காரர்.”